கட்டபெட்டு வரை இரண்டு மரக் கார்கள்

காலை ஆறே காலுக்கு மேட்டுப்பாளையத்தில் டீ குடித்தோம். பதினைந்து ரூபாய், வெறும் சுடுதண்ணீர். அங்கிருந்து கோத்தகிரி முப்பத்து மூன்று கிலோமீட்டர், கட்டபெட்டு அதற்கும் அப்பால். பிக்கப் வண்டியை ஓட்டியவர் மணி. பின்னால் தார்ப்பாய்க்கு அடியில் பிளைவுட்டில் செய்த இரண்டு பந்தயக் கார் உடல்கள். சக்கரம் இல்லை, எஞ்சின் இல்லை. ஓர் ஆள் கால் நீட்டி உட்காரும் குழி, பெல்ட், பெடல் பலகை மட்டும்.

எங்கள் ஒற்றை இருக்கைப் பந்தயத் தொடரில் எல்லோருக்கும் ஒரே சேஸிதான், அதாவது ஒரே கார் உடல். பழையதற்கு வயதாகிவிட்டது. புதிதை யாரிடம் வாங்குவது என்று மூன்று பேர் முடிவு செய்ய வேண்டும். ஒருவர் ஒல்லி மூக்குக் கம்பெனி என்றார். இன்னொருவர் அகலமான கார் செய்யும் கம்பெனி என்றார். அந்த இரண்டு கார்களின் மாதிரிகள்தான் தார்ப்பாய்க்கு அடியில் இருந்தவை. மூன்றாவது ஆள் நான். அன்று மாலைக்குள் சொல்லியாக வேண்டும்.

ஒல்லிக் காரை விற்க வந்தவர் கோவையில் ஒரு பையனை அதில் உட்கார வைத்துக் காட்டினார். அவன் தவளை மாதிரி துள்ளி வெளியே வந்தான். எல்லோரும் கை தட்டினார்கள். எனக்கு எரிச்சல் வந்தது. நல்ல காலை வைத்துக்கொண்டு யார்தான் குதிக்க மாட்டார்கள்? அடிபட்ட கால் கட்டபெட்டில் இருந்தது.

குஞ்சப்பனை சோதனைச் சாவடியில் பிளாஸ்டிக் பாட்டில் தேட வந்தவர் தார்ப்பாயைத் தூக்கினார்.

"ஏனுங்க, படகுங்களா?"

"ரேஸ் காருங்க," என்றார் மணி.

"சக்கரத்தக் காணோம்?"

"மேல போனா மொளைக்குமுங்க."

சிரித்துக்கொண்டே விட்டுவிட்டார்.

அதற்கு மேல் மூடுபனி. எதிரே பஸ்ஸின் விளக்குகள் முதலில் வந்தன, பஸ் அப்புறம்தான் வந்தது. தேயிலைச் சரிவு ஒரு நிமிடம் தெரியும், கரைந்து போகும். சில்வர் ஓக் மரங்கள் வேரில்லாமல் நின்றன. நான் தூங்கினேனா விழித்திருந்தேனா என்று இப்போதும் சொல்ல முடியவில்லை.

ஒன்பது மணிக்குக் கட்டபெட்டு. எங்கள் தொடரில் கார் ஓட்டும் சுகன்யாவின் வீட்டாருக்கு அங்கே டயர் கடை. போன சீசனில் அவள் சுவரில் மோதியபோது பெடல்கள் பின்னால் தள்ளி வந்து இடது கணுக்கால் நொறுங்கியது. இப்போது உள்ளே தகடு இருக்கிறது. அதன் பிறகு அவள் என் போனை எடுப்பதில்லை.

"சொல்லாமக் கொள்ளாம வந்துட்டீங்ளாண்ணா?"

"சொன்னா ஊட்டப் பூட்டிட்டுப் போயிருப்பே."

கடைக்குப் பின்னால், தேயிலை ஓரமாக இரண்டையும் இறக்கினோம். நான் எதுவும் சொல்வதற்குள் அவள் உள்ளே போய் ஹெல்மெட்டை எடுத்து வந்தாள். நேராக ஒல்லிக் காரில் இறங்கினாள். பெல்ட்டை இறுக்கிவிட்டேன். கண்ணை மூடிக்கொண்டாள். இல்லாத ஸ்டியரிங்கை அவள் கைகள் திருப்பின. தொண்டைக்குள் எஞ்சின் உறுமியது. பனி அவள் தோளை உரசிக்கொண்டு போனது. நின்றது கார், ஓடியது மலை. மணி வாயைப் பிளந்து பார்த்தார். நானும்தான்.

"எறங்கு!" என்று கத்தினேன்.

ஏழு எண்ணுவதற்குள் வெளியே வர வேண்டும், அது விதி. பன்னிரண்டு எண்ணியும் இடது கால் காரின் மூக்குக்குள்ளேயே சிக்கிக் கிடந்தது.

"இன்னொருக்காண்ணா."

மறுபடியும் சிக்கியது. மூன்றாம் முறை உதட்டைக் கடித்துக்கொண்டாள். அகலக் காரில் ஆறிலேயே வெளியே வந்துவிட்டாள். முகத்தில் சந்தோஷம் இல்லை.

"இது எருமையாட்டம் இருக்குதுங்ணா. அதுதான் காரு. என் காலுதான் கோணக்காலு. மத்தவங்க எறங்கிருவாங்கல்ல?"

"மோதுனதுக்கப்பறம் எல்லாருக்கும் உன் காலுதான் அம்மிணி."

அங்கேயே நின்று மற்ற இருவருக்கும் போன் செய்து அகலமானது என்று சொன்னேன். அது பார்க்க நன்றாக இல்லையே என்று ஒருவர் இழுத்தார். படம் பிடித்துச் சுவரில் மாட்டவா வாங்குகிறோம் என்று கேட்டுவிட்டு வைத்தேன்.

"அப்ப இத எனக்கு உட்டுட்டுப் போங்ணா," என்று ஒல்லிக் காரைக் காட்டினாள்.

"எதுக்கு?"

"கோழி அடைக்க."

விட்டுவிட்டு வந்தேன். வண்டி கிளம்பும்போது கண்ணாடியைத் தட்டினாள்.

"எரும எப்பண்ணா வரும்?"

"டிசம்பர்ல."

தலையாட்டினாள். வளைவில் திரும்பிப் பார்த்தேன். பனிக்குள் ஹெல்மெட் மட்டும் தெரிந்தது, தேயிலைக்கு நடுவே, தரையோடு தரையாக.

மதியம் கோவையில் பட்டறைத் தகரம் கொதித்துக்கொண்டிருந்தது. அகலக் காரை இறக்கினோம். இருக்கையில் மலையின் ஈரம் இன்னும் இருந்தது; அரை மணியில் காய்ந்துவிட்டது. பெடல் பலகையில் அவள் இடது ஷூவின் சேறு அப்படியே பதிந்திருந்தது. மணி துடைக்கத் துணி எடுத்தார். வேண்டாம், டிசம்பர் வரை கிடக்கட்டும் என்றேன்.