ஆறாவது பிரிவில் ஒரு வரி

பல்கலைக்கழகப் பதிவாளர் அலுவலகத்தில் இருபத்தாறு வருஷம் வேலை பார்த்தவளுக்கு எல்லோரும் வைத்த பெயர் ‘ஒப்பந்தம் அக்கா’. அவளைவிட மூத்த பேராசிரியர்கள்கூட அப்படித்தான் கூப்பிட்டார்கள். வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களோடு செய்துகொள்ளும் ஒப்பந்தங்களைத் தட்டச்சு செய்வது, பிழை பார்ப்பது, இரண்டு பிரதி எடுத்து நீல அட்டைக் கோப்பில் கோத்து வைப்பது, இதெல்லாம் அவள் வேலை. கையெழுத்து நாளில் கூட்ட அரங்கு அமர்க்களப்படும். விருந்தினர்கள் வருவார்கள், கை குலுக்குவார்கள், படம் எடுத்துக்கொள்வார்கள், கல்விக்கு எல்லையே கிடையாது என்று இரண்டு தரப்பும் மாறி மாறிப் பேசும். மறுநாள் கோப்பு அவள் மேசைக்கு வரும். அதை இரும்பு அலமாரியில் வைத்துப் பூட்டுவாள். அதற்கப்புறம் அதைப் பற்றிப் பேச்சு மூச்சு இருக்காது. அலமாரிக்குள் அப்படிப் பதினொரு கோப்புகள் உறங்கிக்கொண்டிருந்தன.

மலைச்சரிவில் இருந்த வளாகம் அது. பிற்பகல் மூன்று மணி ஆனால் மேலே காட்டிலிருந்து மூடுபனி இறங்கி வரும். முதலில் சைக்கிள் நிறுத்துமிடம் மறையும், பிறகு நூலகத்தின் கூரை, கடைசியில் ஜன்னலுக்கு எதிரே நிற்கிற விளக்குக் கம்பம். அந்த நேரம் அவள் விரல்கள் தட்டச்சில் இருந்தாலும் மனசு கோப்புகளில் இருந்த ஊர்களுக்குப் போய்விடும். ஒரு முகவரியில் துறைமுகத் தெரு என்று இருக்கும். அந்தத் தெருவில் இப்போது யார் குடை விரிக்கிறார்கள், யார் கடை திறக்கிறார்கள் என்று யோசிப்பாள். வெளியே வெள்ளையாக எதுவுமே தெரியாமல் இருக்கும்போது, அந்தத் தெருவே வந்து ஜன்னலை ஒட்டி நிற்பதுபோல இருக்கும். “நீ ஆபீசுல இருக்கியா, கப்பல்ல இருக்கியா?” என்று பேருந்துப் பணிமனையில் மெக்கானிக்காக இருந்த அவள் கணவர் கேலி செய்வார்.

ஒரு நாள் அந்தத் துறைமுகத் தெருவிலிருந்தே மின்னஞ்சல் வந்தது. எழுதியவர் அங்கே பன்னாட்டுப் பிரிவில் இவளைப் போலவே கோப்பு பார்க்கிறவர். இருவருக்கும் தாய்மொழி இல்லாத ஒரு மொழியில், சின்னச் சின்ன வாக்கியங்களாக எழுதியிருந்தார்.

‘உங்களோடு செய்த ஒப்பந்தம் இன்னும் ஐந்து வாரத்தில் முடிகிறது. நான்கு ஆண்டுகளில் அதன் பேரில் ஒன்றும் நடக்கவில்லை. எங்கள் குழு உங்கள் பெயரை நீக்கப் போகிறது. எனக்கு வருத்தமாக இருக்கிறது. ஆறாவது பிரிவைப் படித்தேன். நல்ல பிரிவு. யாரும் அதைத் தொடவே இல்லையா?’

அவள் அலமாரியைத் திறந்து கோப்பை எடுத்தாள். அவளே தட்டச்சு செய்ததுதான். ஒரு பல்கலைக்கழகத்தின் ஆய்வு மாணவர், மற்றதன் பேராசிரியரை இணை வழிகாட்டியாகக் கொள்ளலாம். அங்குள்ள ஆய்வகத்தையும் பயன்படுத்தலாம். இப்படி ஒரு கதவு நாலு வருஷமாகத் திறந்தே கிடந்ததா? அவளுக்குத் தன் மேலேயே கோபம் வந்தது.

கடிதம் எழுதியவரின் பெயரை வைத்து ஆணா பெண்ணா என்று தெரியவில்லை. எழுத்தில் இருந்த பொறுமையைப் பார்த்து, பெண்தான் என்று அவளாகவே முடிவு கட்டி, ‘அன்புச் சகோதரி, எனக்குக் கொஞ்சம் அவகாசம் கொடுங்கள்’ என்று பதில் போட்டாள்.

பதிவாளரிடம் போய்ச் சொன்னாள். அவர் தலையைச் சொறிந்தார்.

“காலாவதி ஆனா ஆகட்டும்மா. அடுத்த வருஷம் புதுசா ஒண்ணு போட்டுக்கலாம். துணைவேந்தருக்கும் புதுசுன்னாத்தான் பிடிக்கும்.”

“சார், இந்த ஆறாவது பிரிவ எல்லாத் துறைக்கும் ஒரு தடவ காட்டிட்டு வரட்டுமா?”

“காட்டுங்க, யாரு வேண்டாம்னா? சாப்பாட்டு நேரத்துல காட்டுங்க.”

சாப்பாட்டு நேரத்திலேயே கிளம்பினாள். கோப்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு துறை துறையாக நடையாய் நடந்தாள். வரலாற்றுத் துறைத் தலைவர் ரொம்ப நல்ல விஷயம் என்று சொல்லி அடுத்த அறைக்குக் கைகாட்டினார். அடுத்த அறைக்காரர் அதற்கடுத்த அறைக்குக் கைகாட்டினார். இயற்பியல் துறையில் ஒருவர், “எங்க லேப்ல ஃபேன் ஓடி ஆறு மாசம் ஆச்சு அக்கா, அதுக்கு ஏதாவது பிரிவு இருக்கா உங்ககிட்ட?” என்று கேட்டார். அவளும் சிரித்துவிட்டு நகர்ந்தாள்.

எட்டாம் நாள் தாவரவியல் துறையின் கடைசி அறைக்கு வந்தாள். நாற்காலி காலியாக இருந்தது. விரிவுரையாளர் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து சின்னச் சின்னக் கண்ணாடிப் புட்டிகளில் பெயர்ச்சீட்டு ஒட்டிக்கொண்டிருந்தாள். முப்பத்தைந்து வயது இருக்கும். மரத்துப் பாசியையே சுற்றிச் சுற்றி வந்ததால் மாணவர்கள் அவளுக்குப் ‘பாசி டீச்சர்’ என்று பெயர் வைத்திருந்தார்கள். எல்லாப் புட்டியிலும் தண்ணீர். சுவர் ஓரமாக, அலமாரி மேலே, மேசைக்கு அடியில், எங்கு பார்த்தாலும் புட்டிகள்.

“இது என்ன டீச்சர், இவ்வளவு தண்ணி?”

“பாதி மழ, பாதி பனிமூட்டம் அக்கா. மூணு வருஷமாப் பிடிச்சு வெச்சிருக்கேன்.”

மழையே இல்லாத மாதங்களில் மேலே காட்டு மரங்கள் எதைக் குடித்து உயிரோடு இருக்கின்றன என்பதுதான் பாசி டீச்சரின் கேள்வி. மூடுபனியைத்தான் என்று அவள் நினைத்தாள். ஆனால் மரத்துக்குள் இருக்கும் தண்ணீர் மழையிலிருந்து வந்ததா, பனியிலிருந்து வந்ததா என்று பிரித்துச் சொல்ல ஒரு கருவி வேண்டும். அது இந்த நாட்டில் எங்கேயும் இல்லை. இதைப் படித்த வழிகாட்டியும் இல்லை. அதனால் அவளுடைய முனைவர் பட்ட விண்ணப்பம் மூன்று முறை திரும்பி வந்திருந்தது.

“ரெண்டும் தண்ணிதானே?”

“பாக்க ஒண்ணுதான் அக்கா. ரெட்டப் பிள்ளைங்க மாதிரி. பெத்தவளுக்குத்தான் எது எதுன்னு தெரியும். அந்தக் கருவிதான் பெத்தவ.”

ஒப்பந்தம் அக்கா கோப்பை மெல்ல அவள் முன்னால் விரித்து வைத்தாள். பாசி டீச்சர் ஆறாவது பிரிவைப் படித்தாள். மறுபடி படித்தாள். விரலில் ஒட்டிய சீட்டை எடுக்கவும் மறந்துபோனாள்.

அன்றைக்கே துறைமுகத் தெருவுக்குக் கடிதம் போனது. அதிலிருந்து ஒன்பதாம் நாள் பதில் வந்தது. அங்கே ஒரு பேராசிரியர் இருக்கிறார், கருவியும் இருக்கிறது, புட்டிகளை அனுப்பி வையுங்கள், அளந்து முடிவுகளை அனுப்புகிறோம் என்று.

பதிவாளருக்குத் தலைகால் புரியவில்லை. “அருமை! பாட்டில எல்லாம் பார்சல் போட்டுடுங்க!”

பாசி டீச்சர் மட்டும் ஒரு புட்டியைக்கூடக் கட்டவில்லை. ஒப்பந்தம் அக்கா விடாமல் கேட்ட பிறகு சொன்னாள். அவள் மாணவியாக இருந்தபோது எங்கிருந்தோ ஒரு குழு வந்ததாம். அவளுடைய ஆசிரியர் ஒரு மாதம் அவர்களுக்குக் காட்டைக் காட்டினார், மூட்டை தூக்கினார். இலைகள் போயின. இரண்டு வருஷம் கழித்து அந்த ஆராய்ச்சி ஒரு சஞ்சிகையில் வந்தது. கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் இந்தத் துறைக்கு நன்றி. அதிலும் துறையின் பெயர் தப்பு.

“அவங்க மோசமானவங்க இல்ல அக்கா. இல போச்சு, நாங்க போகல. அவ்வளவுதான்.”

அந்த ஞாயிற்றுக்கிழமை ஒப்பந்தம் அக்கா அவளோடு மேலே காட்டுக்குப் போனாள். இத்தனை வருஷத்தில் வளாகச் சுவரைத் தாண்டி அவள் ஏறியதே இல்லை. முட்டி வலித்தது. நூறு அடிக்கு ஒரு தரம் நின்றாள். பிறகு மூடுபனிக்குள் நுழைந்ததும் வலி எங்கே போனது என்றே தெரியவில்லை. தன் கை தனக்கே மங்கலாகத் தெரிந்தது. மரங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து முகம் காட்டிவிட்டுப் பின்வாங்கின. பேச வாயெடுத்தால் குரல் இரண்டடிக்கு மேல் போகாமல் அங்கேயே நனைந்து நின்றது. இரண்டு கம்பங்களுக்கு நடுவே பாசி டீச்சர் ஒரு நைலான் வலை கட்டியிருந்தாள். வலையில் ஒன்றுமே இல்லாத காற்று வந்து பட்டது. பட்ட இடத்தில் துளி முளைத்தது. துளி துளியோடு சேர்ந்து, வழிந்து, கீழே புனலில் விழுந்தது. ஒரு புட்டி நிரம்ப அரை நாள் ஆகும் என்றாள் பாசி டீச்சர்.

அங்கே எவ்வளவு நேரம் நின்றோம் என்று ஒப்பந்தம் அக்காவுக்குப் பின்னால் சொல்லத் தெரியவில்லை. தூங்கி எழுந்தவள் மாதிரி இறங்கி வந்தாள். திங்கட்கிழமை காலையில் கணினி முன் உட்கார்ந்து, புதுப்பிக்க வேண்டிய ஒப்பந்தத்தைத் திறந்து, ஆறாவது பிரிவின் கீழே ஒரு வரி சேர்த்தாள். ‘மாதிரிகள் தனியாகப் பயணம் செய்யக் கூடாது, சேகரித்தவர் உடன் சென்று, தாமே அளந்து, தம் பெயரில் எழுத வேண்டும்.’ மற்றவர்கள் எழுதியதைத் தட்டச்சு செய்தே பழகியவள், தானாக எழுதிய முதல் வரி அதுதான்.

சட்ட ஆலோசகர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு படித்தார். “என்னம்மா இது? சின்னப் பிள்ளைய ஊருக்கு அனுப்புறப்ப துணைக்கு ஆள் தேடுற மாதிரி இருக்கு?”

“ஆமா சார். அப்படித்தான்.”

அவர் கோப்பைப் பதிவாளர் பக்கம் தள்ளினார். பதிவாளர் பெருமூச்சு விட்டு, “அவங்க ஒத்துக்கிட்டா எனக்கென்ன?” என்று அனுப்பச் சொன்னார்.

பத்து நாள் பதில் இல்லை. ஒப்பந்தம் முடிய மூன்றே நாள் இருந்தபோது கடிதம் வந்தது. ‘எங்கள் குழு ஒரு மணி நேரம் வாதாடியது. இந்த வரியை எழுதியது யார் என்று கேட்டார்கள். என் சக ஊழியர் என்றேன். ஏற்றுக்கொண்டார்கள். நானும் ஒரு வரி சேர்த்திருக்கிறேன். பார்த்துச் சொல்லுங்கள்.’ அந்த வரி: கருவியைக் கையாளக் கற்றவர் ஊர் திரும்பிய பிறகு, அவருடைய ஊரிலும் ஒரு கருவி நிற்க இரு தரப்பும் வழி தேட வேண்டும்.

படித்துவிட்டு அவள் கழிவறைக்குப் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தாள்.

இருநூற்று நாற்பது புட்டிகள் உடையாமல் போக வேண்டுமே? கேலி பேசிய கணவர்தான் கைகொடுத்தார். பழைய பேருந்து இருக்கைகளின் பஞ்சை வெட்டி, ஒவ்வொரு புட்டிக்கும் ஒரு குழி குடைந்து, நான்கு பெட்டிகள் செய்தார். “இதுல முட்டைய வெச்சு மலையிலேர்ந்து உருட்டினாலும் ஒண்ணும் ஆகாது” என்றார். சொன்னபடியே ஒன்றுகூட உடையவில்லை.

பாசி டீச்சர் அங்கே ஐந்து மாதம் இருந்தாள். முதல் மாதம் யாரிடமும் பேச வராமல் அழுதிருக்கிறாள். இரண்டாம் மாதம் கருவியைத் தொட விட்டார்கள். நான்காம் மாதம் ஒரு கடிதம் வந்தது. ‘அக்கா, மழையில்லாத மாசத்தில் மரத்துக்குள் இருக்கிற தண்ணியில் பாதிக்குக் கிட்டத்தில் பனிமூட்டத்துத் தண்ணி. மூணு தடவ அளந்துட்டேன். அப்புறம், உங்க அன்புச் சகோதரியப் பார்த்தேன். அதப் பத்தி இப்ப சொல்ல மாட்டேன். நேர்ல பார்க்கறப்ப நீங்களே தெரிஞ்சுக்குங்க.’

மறு வருஷம் வாய்மொழித் தேர்வு நடந்தது. தேர்வாளர்களில் பாதிப் பேர் திரையில், பாதிப் பேர் அறையில். பாசி டீச்சர் டாக்டர் பாசி டீச்சர் ஆனாள்.

இன்னும் ஒரு வருஷம் போயிற்று. துறைமுகத் தெருவில் புதுக் கருவி வாங்கினார்கள். பழையது நல்ல நிலையில் இருந்தது. அதைச் சரிபார்த்து, இங்கே பொருத்துவதற்கு மூன்று பேர் வந்தார்கள். வாசலில் வண்டி நின்றது. ஒப்பந்தம் அக்கா சகோதரியைத் தேடினாள். ஆறடிக்கு மேல் உயரம், மார்பு வரை வெள்ளைத் தாடி, தோளில் ஒரு துணிப்பை: அப்படி ஒருவர் நேராக அவளிடம் வந்து, “நான்தான் உங்கள் சகோதரி” என்றார்.

அவள் அவர் தாடியையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். பக்கத்தில் பாசி டீச்சர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். மூன்று வருஷமாக எத்தனை கடிதம்! ஏன் திருத்தவில்லை என்று ஒப்பந்தம் அக்கா தட்டுத்தடுமாறிக் கேட்டாள்.

“முதல் கடிதத்திலேயே திருத்தியிருக்கலாம். எனக்குக் கூடப்பிறந்தவர்கள் யாரும் கிடையாது. யாரோ ஒருவருக்குச் சகோதரியாக இருப்பது நன்றாக இருந்தது.”

வீட்டில் கணவரிடம் இதைச் சொன்னபோது அவர் சாப்பிட்ட கையோடு எழுந்து நின்று சிரித்தார். “அப்ப எனக்கு மச்சான் ஒருத்தர் வந்திருக்காரு. வீட்டுக்குக் கூட்டிட்டு வராம விட்டுட்டு வந்து நிக்கிறியே!” மறுநாள் மச்சான் வந்தார். இருவருக்கும் பொதுவாக ஒரு சொல்கூடத் தெரியாது. ஆனாலும் பணிமனையில் ஒரு பேருந்தின் அடியில் இருவரும் ஒரு மணி நேரம் படுத்துக் கிடந்து, கையெல்லாம் கிரீஸோடு எழுந்து வந்தார்கள்.

கருவி இப்போது தாவரவியல் துறையின் கடைசி அறையில் நிற்கிறது. ஓடும்போது தேனீக்கூடு மாதிரி ஒரு ரீங்காரம். பாசி டீச்சரிடம் மூன்று பேர் ஆய்வு செய்கிறார்கள்.

ஒப்பந்தம் அக்கா ஓய்வு பெறுவதற்கு இரண்டு மாதம் முன்னால், எல்லைக்கு அந்தப் பக்கம் இருக்கிற நாட்டிலிருந்து, இதைவிடச் சின்ன ஒரு பல்கலைக்கழகம் எழுதிக் கேட்டது. அவர்களிடமும் மலை இருக்கிறது, பனி இறங்குகிறது, கருவி இல்லை. புட்டிகளை அனுப்பலாமா? பதிலை அவள் யாரையும் கேட்காமல் தட்டினாள். பதிவாளரும் படிக்காமலே கையெழுத்துப் போட்டார்.

அங்கே புட்டிகளைச் சேகரித்த பெண் ஒரு பிற்பகலில் பேருந்தில் வந்து இறங்கினாள். இருபத்தி நாலு, இருபத்தஞ்சு வயது. புட்டிப் பெட்டியைக் கூரை மேல் ஏற்றச் சொன்ன நடத்துனரோடு வழியெல்லாம் சண்டை போட்டு, பதினான்கு மணி நேரம் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்திருந்தாள். கால் மரத்துப்போய் நிற்க முடியவில்லை. ஒப்பந்தம் அக்கா கை நீட்டினாள்.

“குடும்மா, கொஞ்ச நேரம் நான் பிடிச்சுக்கறேன்.”

அந்தப் பெண் பெட்டியை இன்னும் இறுக்கி அணைத்துக்கொண்டு, மாட்டேன் என்று தலையசைத்தாள். ஒப்பந்தம் அக்கா சிரித்துக்கொண்டே அவள் தோளில் கையைக் கொடுத்துத் தாங்கினாள். மூடுபனி சாலை வரைக்கும் இறங்கியிருந்தது. இருவரும் மெதுவாக அதற்குள் நடந்தார்கள்.