காய்க்குக் கட்டிய கப்பி

என் சித்தப்பாவின் மூளையை யாராவது புகழ்ந்தால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது. அவர் கெட்டவர் இல்லை. அதனால்தான் கோபம் ஆறவே மாட்டேன் என்கிறது.

சுதந்திரம் வந்து ஏழெட்டு வருடம் ஆகியிருக்கும். போடிமெட்டுக்கு அப்பால் எங்களுக்குக் கொஞ்சம் ஏலத்தோட்டம் இருந்தது. காய் பறிக்கும் காலத்தில் போடி வீட்டைப் பூட்டிவிட்டுக் குடும்பமே மலையேறிவிடும். செடிகள் எல்லாம் பள்ளத்தில், ஓடையை ஒட்டி. காயை உலர்த்தும் ஸ்டோரும் நாங்கள் தங்கும் குடிசையும் மேலே, பாறை விளிம்பில். பாறையைச் சுற்றிப் போகும் வழுக்குப் பாதையில் ஆட்கள் பச்சைக் காய் மூட்டைகளை முதுகில் சுமந்து ஏற்றுவார்கள். அதே பாதையில் அம்மா தண்ணீர் சுமப்பாள். சமைக்க, குளிக்க, ஆட்கள் குடிக்க, எல்லாவற்றுக்கும் அவள் இடுப்புதான். பின்னால் ஒரு தூக்குவாளியோடு நான் போவேன். எனக்குப் பத்து வயது.

மதுரையில் விஞ்ஞானம் படித்துக்கொண்டிருந்த சித்தப்பா அந்த வருடம் லீவுக்கு வந்தார். மூட்டைச் சுமையைப் பார்த்து மனம் கேட்காமல், விளிம்பில் ஒரு உத்திரத்தை நீட்டி அதில் ஒரு கப்பியை மாட்டினார். மூட்டையோடு சேர்ந்து ஏறி இறங்க, கொக்கி வைத்த இன்னொரு கப்பி. ஒற்றை ஆள் மேலே நின்றபடி முழு மூட்டையை இழுத்துவிட்டான். பக்கத்துத் தோட்டக்காரர்கள் வேடிக்கை பார்க்க வந்துவிட்டார்கள்.

“பாதி பலம் போதும். ஆனா கயித்த ரெண்டு மடங்கு இழுக்கணும். அது ஏன்னு கேக்குறது விஞ்ஞானம். அத வச்சு மூட்டைய மேல கொண்டாரது தொழில்நுட்பம்” என்றார் சித்தப்பா.

வந்தவர்கள் காபி குடித்துக்கொண்டே தலையாட்டினார்கள். அந்தக் காபிக்குத் தண்ணீர் எப்படி மேலே வந்தது என்று விஞ்ஞானமும் கேட்கவில்லை, தொழில்நுட்பமும் கேட்கவில்லை.

அம்மாதான் கேட்டாள். “தம்பி, என் கொடத்தையும் அந்தக் கொக்கியில மாட்டிவிட்டா என்ன?”

“தண்ணி சிந்துனா கயிறு இத்துப்போகும் மதினி. இது காய்க்குன்னு கட்டுனது.”

மழையில் நாள் முழுக்க நனைந்து கிடந்த கயிறு அது. அப்பாவுக்கு அது தெரியும். காலித் தம்ளரை அம்மாவிடம் நீட்டினார். அம்மா இன்னும் சில தடவை கேட்டுப் பார்த்தாள். பதில் மாறவில்லை.

மழை விட்ட ஒரு காலையில், நிறைகுடத்தோடு பாதையில் காலெடுத்து வைத்த அம்மா வழுக்கி விழுந்தாள். நான் போட்ட சத்தத்தில் எல்லோரும் ஓடி வந்தார்கள். கணுக்காலுக்கு மேலே அவள் கால் கோணிக் கிடந்தது.

“பாதையில தூக்கிட்டு ஏற முடியாது. கப்பியில ஏத்திருவோம். வெரசா சாக்கக் கொண்டா” என்றார் சித்தப்பா.

சாக்கைத் தொட்டிலாகக் கட்டி, அம்மாவை அதில் உட்காரவைத்து, கொக்கியில் மாட்டினார்கள். மேலே போய்விட்டால் ஜீப்பில் போடி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விடலாம். சமயத்தில் எப்படி யோசனை வருகிறது பார் என்று ஆட்கள் சித்தப்பாவை மெச்சிக்கொண்டார்கள். கயிறு இறுகும்போது அம்மா கையை உயர்த்தி நிறுத்தினாள். முகம் வலியில் வெளுத்திருந்தது.

“அந்தக் கொடத்த நெறச்சு என் மடியில வையிங்க. அதுவும் ஏறட்டும்.”

எல்லோரும் சிரித்துவிட்டார்கள். கால் ஒடிந்து கிடக்கும்போதும் குடத்தின் மேல் இவளுக்கு என்ன ஆசை என்றார் அப்பா. நானும் சிரித்தேன். அம்மா மட்டும் விளிம்பு எட்டும்வரை கீழே நின்ற சித்தப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். வலியில் அப்படிப் பார்க்கிறாள் என்று நினைத்தேன்.

மேலேயிருந்து காலிக் கொக்கி ஆடிக்கொண்டே இறங்கி வந்தது. அடுத்த மூட்டையை அதில் மாட்டினார்கள்.

“அடுப்படியில தண்ணி இல்ல. நீ எடுத்துட்டு வா ஆத்தா” என்றார் அப்பா என்னைப் பார்த்து.

அம்மாவின் குடம் முதன்முதலாக என் கைக்கு வந்தது. நிறைத்து, இடுப்பில் வைத்துக்கொண்டு, பெரியவளாகிவிட்ட பெருமையோடு நான் பாதையில் ஏறினேன்.