மதுரை என்று சொல்லிப் போன தீவுகள்

ஈரமரமும் டீசலும் சேர்ந்து வெயிலில் காய்கிற வாடை. மண்டபத்தைத் தாண்டிப் பேருந்து பாலத்தில் ஏறும்போது சன்னல் வழியாக வந்து மூக்கில் உட்காரும். கரையில் ஏற்றிப்போட்ட படகுகளின் வாடை அது. பாம்பன் வந்துவிட்டது என்று மற்றவர்கள் பையைத் தூக்குவார்கள். நான் கழுத்தைத் திருப்பிப் பார்ப்பேன். பின்னிருக்கையில் யார்? செல்பேசியில் குரலைத் தாழ்த்தி யாரிடம் என்ன பேசுகிறார்? வடக்கே போய்வந்ததிலிருந்து ஒட்டிக்கொண்ட குணம் இது. இன்னும் உதிரவில்லை.

வடக்கு என்றால் காசி அல்ல. எங்கள் கடலுக்கு அந்தப்பக்கம் ஒரு வடக்கு இருக்கிறது. யாழ்ப்பாண நகரமும், அதன் காலடியில் யாரோ கைதவறிக் கொட்டியதுபோல் சிதறிக் கிடக்கிற தீவுகளும். வானம் தெளிந்த நாளில் தனுஷ்கோடி முனையில் நின்றால் அந்தத் திசையில் ஒரு மங்கல் தெரியும். கரை என்பார்கள் சிலர், மேகம் என்பார்கள் சிலர்.

நாங்கள் போனது ஒரு படகைப் பார்க்க. என் மனைவியின் அண்ணன், எனக்கு மச்சான், பாம்பனில் விசைப்படகு வைத்திருந்தார். எல்லை தாண்டி மீன் பிடித்ததாக அது பிடிபட்டு, அந்தப் பக்கத்துத் தீவு ஒன்றின் துறையில் கட்டிக் கிடந்தது. படகில் போன ஆட்கள் வீடு திரும்பிவிட்டார்கள். படகு திரும்பவில்லை. வழக்கு நடந்துகொண்டிருந்தது. ஊரில் ஆளுக்கொன்று சொன்னார்கள். மூழ்கிவிட்டது என்றார் ஒருவர். இன்ஜினைக் கழற்றிவிட்டார்கள் என்றார் இன்னொருவர். நேற்றுகூடக் கண்ணால் கண்டேன், பூப்போல இருக்கிறது என்று கடற்கரையை விட்டு நகராத ஒருவர் சத்தியம் செய்தார்.

"செத்துருச்சுன்னா தலை முழுகிட்டு வேற பொழப்பப் பாத்துக்கிருவேன். உசுரு இருக்குன்னா வழக்க விடமாட்டேன். எவன் வாய்ப்பேச்சும் எனக்கு வேணாம், என் கண்ணு பாக்கணும்" என்றார் மச்சான்.

அந்தப்பக்கத்து வக்கீலோ, நீதிமன்றம் கூப்பிடும்போது மட்டும் வந்தால் போதும், சும்மா வந்து கரையில் சுற்றினால் வம்பு என்று சொல்லியிருந்தார். ஆகவே, நயினாதீவு அம்மனுக்கு நேர்த்திக்கடன் என்று ஏற்பாடாயிற்று. மச்சான், என் மனைவி, நான். என்னைச் சேர்த்தது என் மனைவியின் யோசனை.

"இவுகளக் கூட்டிட்டுப் போனா ஒருத்தனும் சந்தேகப்பட மாட்டான், அண்ணே. பாத்தாலே மீன்ல முள்ளெடுக்கத் தெரியாத ஆளுன்னு தெரியும்."

நான் நயினார்கோவில் பக்கத்துக் கரம்பைமண்ணில் பிறந்தவன். கடல் எனக்குக் கல்யாணத்தில் வந்த உறவு. மச்சான் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "மாப்ள, வந்து எழுதிப்புட மாட்டீகளே?"

மாட்டேன் என்றேன். இப்போது அவரே எழுதச் சொல்லிவிட்டார், பேர் மட்டும் வேண்டாம் என்று.

காரில் தேவிபட்டினம், உப்பூர், தொண்டி என்று கடலை வலக்கையில் வைத்துக்கொண்டே வடக்கே ஏறினோம். சாலையோரம் உப்பளம், கருவேலங்காடு, மறுபடி உப்பளம். வெளிச்சம் வெள்ளைத் துணிபோல விரிந்து கிடந்தது. உள்ளே ஒத்திகை நடந்தது.

"எந்த ஊருன்னு கேட்டா?"

"மதுரை."

"மதுரையில எங்கன?"

"மாட்டுத்தாவணி."

"பஸ் ஸ்டாண்டுலயா குடியிருக்கீக?" என்று தங்கை அண்ணனை மடக்கினாள். "செல்லூருன்னு சொல்லுண்ணே. மீனைப் பத்திப் பேச்சு வந்தா வாயத் தொறக்காத. கவுச்சி ஆகாதுன்னு சொல்லிரு."

"அடிப்பாவி, அங்கன போயி ஒரு நண்டு திங்கக்கூடாதா நானு?"

நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறினோம். எனக்குக் குடல் வாய்க்கு வந்தது. மச்சான் கடலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, செல்பேசியில் பழைய பாட்டு கேட்டுக்கொண்டே வந்தார். அவ்வளவு பெரிய நடிப்பை நான் எந்த மேடையிலும் கண்டதில்லை.

காங்கேசன்துறையில் வான் ஒன்று, நம்மூரில் வேன் என்போமே, காத்திருந்தது. ஓட்டுநருக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். வெயில் தின்ற முகம், உள்ளங்கையில் குறுக்கே வெட்டிய பழைய தழும்பு. சிரித்தார். சிரிப்பு முடிந்த பிறகும் கண் எங்களை விடவில்லை.

"வாங்கோ அக்கா, வாங்கோ ஐயா. இந்தியாவில எவ்விடம்?"

"மதுரை" என்றோம் மூன்று பேரும் ஒரே நேரத்தில். அதுவே தப்பு என்று எனக்கு அப்போதே தோன்றியது.

யாழ்ப்பாணம் எனக்குப் பிடித்துப்போன நகரம். பிடித்ததைச் சொல்லவும் அன்று பயமாக இருந்தது. உயரமான மதில்கள், மதிலுக்கு மேல் எட்டிப் பார்க்கும் மாமரங்கள், சைக்கிளில் முதுகு வளையாமல் போகிற பெண்கள், கோட்டைச் சுவரில் உட்கார்ந்து உப்பங்காற்றில் தலை கலைத்துக்கொள்ளும் காதலர்கள். ஐஸ்கிரீம் கடையில் ஊரே திரண்டிருந்தது. எங்கள் தமிழைக் கேட்டதும் பக்கத்து மேசை ஒரு கணம் பேச்சை நிறுத்தித் திரும்பியது. அன்பாகத்தான் திரும்பியது என்று இப்போது நினைக்கிறேன். அன்று அந்த மௌனத்தை மொழிபெயர்த்து மொழிபெயர்த்து எனக்கு ஐஸ்கிரீம் உருகிப்போனது.

கை கழுவப் பின்பக்கம் போனபோது ஓட்டுநரின் குரல் கேட்டது. வானுக்கு மறுபுறம் நின்று செல்பேசியில் பேசிக்கொண்டிருந்தார்.

"ஓம், மூண்டு பேர். ஒரு பொம்பிளை. கோயிலுக்கு எண்டுதான் சொல்லினம். ஓம், நான் பாத்துக்கொள்ளுறன்."

என்னைக் கண்டதும் பேச்சு அறுந்தது. "கை கழுவினியளோ ஐயா?" என்றார்.

அறைக்கு வந்து சொன்னேன். "நான் சொல்லல? அவன் பார்வையே சரியில்ல. வண்டிய மாத்துங்க" என்றாள் மனைவி. "மாத்துனா இன்னும் சந்தேகம்" என்றார் மச்சான். விளக்கை அணைத்த பிறகும் மூன்று பேரும் விழித்திருந்ததை மூன்று பேரும் அறிவோம்.

மறுநாள் காலை தீவுகளுக்குப் போனோம். அந்தச் சாலையை எப்படிச் சொல்வேன்? கடலுக்கு நடுவே ஒரு கோடு. இரண்டு பக்கமும் கணுக்காலளவுத் தண்ணீர். தண்ணீரில் வானம், வானத்தில் நாரை. எது மேல், எது கீழ் என்று கேட்க ஆளில்லை. கம்புகளை நட்டு வலை கட்டியிருந்தார்கள். கம்புக்குக் கம்பு ஒரு நீர்க்காகம் சிறகை விரித்துக் காய்ந்துகொண்டிருந்தது. இத்தனை அழகுக்கு நடுவே எங்களுக்கு ஒரு நிபந்தனை. மச்சான் கடலைப் பார்க்கக்கூடாது. அவர் தலை தானாகத் திரும்பும். தங்கை முழங்கையால் இடிப்பாள். பனைமரங்களைப் பார்ப்பார். மறுபடி திரும்பும். மறுபடி இடி. பின்பார்வைக் கண்ணாடி வழியாக ஓட்டுநர் இதையெல்லாம் பார்த்துக்கொண்டே ஓட்டினார்.

"ஐயாவுக்குக் கழுத்து நோவோ?"

"ஏசிக் காத்து" என்றாள் மனைவி.

குறிகட்டுவான் இறங்குதுறையில் வான் நின்றது. அங்கிருந்து நயினாதீவுக்குப் படகு. ஓட்டுநர் துறையிலேயே நின்றுகொண்டார். கூட்டம் செருப்புக்கால்களோடு படபடவென்று படகில் குதித்தது. நானும் குதித்தேன், மனைவியும் சேலையை ஒதுக்கிக்கொண்டு இறங்கினாள். செருப்போடு இறங்கவேண்டும் என்று ஒத்திகையில் அவளே சொல்லியிருந்தாள். திரும்பிப் பார்த்தேன். மச்சான் துறையின் விளிம்பில் நின்று இரண்டு செருப்பையும் கழற்றிக் கையில் எடுத்தார். குனிந்து படகின் விளிம்பைத் தொட்டுக் கண்ணில் ஒற்றினார். பிறகுதான் காலை வைத்தார். படகில் செருப்புக் காலோடு ஏறுவது எங்கள் கரையில் கிடையாது. கோயிலுக்குள் ஏறுவது மாதிரி. ஊர்ப்பெயரை மாற்றச் சொல்லிக்கொடுத்தோம். காலுக்கு யார் சொல்லிக்கொடுப்பது?

துறையின் மேலே ஓட்டுநர் பீடியை வாயிலிருந்து எடுத்துவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அம்மனிடம் நான் எதையும் வேண்டவில்லை. மனைவி நிறைய வேண்டினாள் என்று முகம் சொன்னது. திரும்பி வந்தோம். வான் கதவைத் திறந்துவிடாமல் அதன்மேல் சாய்ந்தபடி ஓட்டுநர் கேட்டார்.

"மதுரையில கடல் இருக்கோ?"

அவர் பார்வை மச்சானின் காலுக்கு இறங்கியது.

"அண்ணை செருப்போட ஏறேல்லை. நானும் அப்பிடித்தான். இந்தக் கையில இருக்கிறது வலைக்கயிறு வெட்டினது. எத்தினை வருசம் கடல்தொழில் செய்தனான்! சொல்லுங்கோ, ராமேஸ்வரமோ?"

"பாம்பன்" என்றார் மச்சான். குரலில் ஒரு விடுதலை இருந்தது, ஒளித்துவைத்திருந்த எதையோ கீழே வைத்ததுபோல. "படகு இங்கன கெடக்கு. பாக்க வந்தேன்."

"றோலர்?"

"ஆமா."

இழுவைப் படகை அங்கே றோலர் என்கிறார்கள். அந்தச் சொல்லை அவர் சொன்ன விதத்தில் துப்புவதும் கலந்திருந்தது. தன் கதையை ஒரு மூச்சில் சொல்லி முடித்தார். வலை விரித்துவிட்டுக் காத்திருந்த ஒரு ராத்திரி, எங்கள் பக்கத்து றோலர் ஒன்று வலையை மொத்தமாக இழுத்துக்கொண்டு போய்விட்டது. அதன்பிறகுதான் இந்த வான். எந்தப் படகு என்று தெரியாது. இருட்டில் வெளிச்சம் மட்டும்தான் தெரிந்தது.

எந்த மாசம் என்று மச்சான் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம். கேட்காததை ஓட்டுநரும் கவனித்தார், நானும் கவனித்தேன். அந்த இடத்தில் எனக்கு என் மச்சான்மேலேயே சந்தேகம் வந்தது.

"நேத்துப் போன்ல யார்ட்டப் பேசினீக?" என்று மனைவி திடுமெனக் கேட்டாள்.

"எங்கட மீன்பிடிச் சங்கத்து ஆக்களிட்ட, அக்கா. மதுரையெண்டு மூண்டு பேரும் ஒரே வாயில சொன்னா ஆர் நம்புவினம்? பாத்துக்கொள் எண்டு சொன்னவை."

"அப்ப இப்பப் போலீசுக்குச் சொல்லுவீகளா?"

அவர் சாய்ந்திருந்த கதவை விட்டு நிமிர்ந்தார். பிறகு கதவைத் திறந்தார். "ஏறுங்கோ. நான் காட்டுறன். நீங்கள் பாக்கேக்க நான் உங்களைப் பாக்கோணும், எது உங்கட படகெண்டு அறிய."

எங்கே கூட்டிப்போகிறார் என்று தெரியவில்லை. புதர்க்காட்டுப் பாதையில் வான் திரும்பியபோது மனைவி என் கையைப் பிடித்தாள். கடைசியில் ஒரு பனங்காணி. அவருடைய சித்தப்பாவின் காணியாம். பனைகளுக்கு இடையே கடல், கடலில் ஒரு கல்லெறி தூரத்தில் எங்கள் கரைப் படகுகள். வரிசையாக என்று சொல்லமுடியாது. ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து, சில மூக்கை மட்டும் நீட்டி, சில வயிறு பிளந்து. சாயம் வெளுத்து எல்லாம் ஒரே நிறத்துக்கு வந்திருந்தன. எங்கள் வாடை, பாம்பனில் அடிக்கிற அதே ஈரமர வாடை, அந்நிய மண்ணில் நின்று அடித்தது.

மச்சான் கண்ணைச் சுருக்கினார். உதடு எண்ணுவதுபோல் அசைந்தது. பிறகு அசைவது நின்றது. கண்டுகொண்டார். நான் அவர் பார்வையின் நுனியைப் பிடித்துப் போனேன். இரண்டு சாய்ந்த படகுகளுக்கு அப்பால் ஒன்று, முன்பக்கத்து அணியம் நிமிர்ந்து, அலைக்கு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. பாசி படிந்த கோடு தண்ணீருக்கு மேலே இரண்டு முனையிலும் ஒரே மட்டத்தில் தெரிந்தது.

"சாயல" என்று தங்கை காதில் சொன்னார், காற்றுக்கும் கேட்காத குரலில். "தண்ணி ஏறல. ஏரா நல்லாருக்கு, அடிக்கட்டை போகல. உசுரு இருக்கு தாயி."

ஓட்டுநர் எங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார், சொன்னபடியே. "என்னவாம்?" என்றார்.

"ஒண்ணுமில்ல. எல்லாம் மக்கிப்போச்சு" என்றார் மச்சான்.

திரும்புகிற வழியில் தண்ணீர் சிவந்து, நாரைகள் கறுத்து, அப்படியொரு அந்தி. மச்சான் இப்போது கடலை ஆசைதீரப் பார்க்கலாம். அவர் பார்க்கவில்லை.

அன்றிரவு அறை வாசலில் மச்சான் விடியும்வரை பாட்டுக் கேட்டார்; ஓட்டுநர் கீழே வானிலேயே படுத்திருந்தார். அடுத்த நாள் காங்கேசன்துறையில் பைகளை இறக்கிவைத்தார் ஓட்டுநர். மனைவி அவர் குழந்தைகளுக்கென்று கருப்பட்டி மிட்டாய்ப் பொட்டலம் நீட்டினாள். வாங்கிக்கொண்டார், முகர்ந்து பார்த்துவிட்டு. நாங்கள் வரிசையில் நகர்ந்தோம். அவர் போகவில்லை. கம்பித் தடுப்புக்கு அந்தப்பக்கம் எங்களோடு கூடவே நடந்து வந்தார்.

"அண்ணை, மக்கினதைப் பாத்த ஆள் ராத்திரி முழுக்கப் பாட்டுக் கேப்பாரோ? படகு நல்லா நிக்குது. நானும் பாத்தனான்."

மச்சான் நின்றார். பின்னால் வந்தவர்கள் இடித்துக்கொண்டு போனார்கள்.

"ஆமா தம்பி. நல்லாத்தான் நிக்கிது. வழக்க நடத்தப்போறேன்."

"எடுத்தாப் பிறகு? திரும்பவும் எங்கட பக்கம் வருமோ?"

"வராது."

"நம்பட்டோ?"

மச்சான் கடலைப் பார்த்தார், அவரைப் பார்த்தார்.

"நம்பாதீக தம்பி. கண்ணு வச்சுக்கிட்டே இருங்க."