பேர் வெட்டிய தபால்தலைகள்

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவன் நான். உடுமலைப்பேட்டையிலிருந்து இரண்டு அண்டாவும் ஒரு சைக்கிளுமாக வந்து, கோவையில் லட்சுமணசாமி பாத்திர மாளிகையை எழுப்பினேன். பட்டம் வாங்கிய நான்கு பேர் இன்று என்னிடம் பில் போடுகிறார்கள். இதை முதலில் சொல்லக் காரணம் உண்டு. ஷேக் பரீத் பாய்க்கு நேர்ந்தது என் யோசனையால். படிப்பில்லாதவன் யோசனை என்று யாரும் நினைத்துவிடக் கூடாது, அனுபவத்தில் சொன்னதுதான்.

பாய் என் கடை வாசலில் இருபது வருடமாகப் பேர் வெட்டியவர். சீர்ப் பாத்திரத்தைப் பேர் வெட்டாமல் யாரும் வீட்டுக்கு எடுத்துப் போக மாட்டார்கள். பெண் பேரா, கொடுத்த மாமன் பேரா என்று வாசலிலேயே ஒரு சண்டை நடக்கும். அது முடியும்வரை பாய் மிஷினை நிறுத்திவிட்டு வானத்தைப் பார்ப்பார்.

அவருக்குப் பீங்கான் என்றால் உயிர். ஏன் என்று கேட்டேன்.

"அதுல மட்டுந்தானுங்க பேர் வெட்ட முடியாது. உடைஞ்சுபோயிரும்."

வாங்கி வைக்க வசதியில்லை. ஆகவே பழைய பீங்கான் படம் போட்ட தபால்தலைகளைச் சேர்த்தார். சீனத்து நீலக் குடுவை, துருக்கித் தட்டு, ஜப்பான் கிண்ணம் என்று நூற்றுத் தொண்ணூறு. இந்த ஜாடிக்கு ஐந்நூறு வயது என்று எனக்கே பாடம் எடுப்பார். என் கடையில் ஒரு ஜாடி ஐந்து வருடம் தங்கினால் தள்ளுபடியில் தள்ளிவிடுவேன்.

தொண்ணூற்றைந்தாம் வருடம் அது, ஆர்.எஸ்.புரத்தில் ஞாயிறுதோறும் தபால்தலை சேர்ப்பவர்கள் கூடுவார்கள். ஒருநாள் அவர் ஆல்பம் பத்துக் கை மாறித் திரும்பியபோது நீலக் குடுவையைக் காணோம்.

"கேக்க வேண்டியதுதானுங்களே பாய்?"

"எதை வச்சுங்க கேக்கறது? அதே தலை நாலு பேர்கிட்ட இருக்குதுங்க. எம்படதுல ஓரத்துப் பல்லுல ஒண்ணு குறையுமுங்க, அதைச் சொன்னா நம்புவாங்களா?"

"ஊர்ச் சொத்துக்கெல்லாம் பேர் வெட்டறீங்க. உங்க பொருளை மொட்டையா உட்டா எவன்தான் எடுக்க மாட்டான்?"

மறு வாரமே வேலையை முடித்திருந்தார். மெல்லிய பேனாவால், அழியாத மசியில், ஒவ்வொரு ஜாடியின் வயிற்றிலும் 'ஷே.ப.'. பாத்திரத்தில் வெட்டும் அதே அழகான எழுத்து.

"இனிச் சீனாக்காரனே வந்து கேட்டாலும் இது உங்களுதுதானுங்க" என்று முதுகில் தட்டினேன்.

அடுத்த வருடம் அந்தக் கூட்டத்தார் தபால்தலைக் கண்காட்சி அறிவித்தார்கள். பாய்க்கு ஒரே ஆசை.

"உலகத்தார் பேரெல்லாம் வெட்டியாச்சுங்க முதலாளி. எம்பட பேரு ஒருநாளைக்குச் சுவத்துல இருக்கட்டும்."

என் காரிலேயே கூட்டிப்போனேன். நடத்தியவர் கோபாலசாமி, ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி, ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கு வருகிறவர். ஆல்பத்தைப் பிரித்தவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார்.

"இதென்னங்க, ஷே.ப.?"

"என் பேருங்க. யாரும் எடுத்துட்டுப் போகாம இருக்கோணுமுங்களே."

"இனி யாரும் எடுக்க மாட்டாங்க பாய். மசி பட்ட தலைக்கு மதிப்பே கிடையாதுங்க. சேத்துக்க முடியாது."

என் கடைப் பேரைச் சொன்னேன். கோவையில் அதற்குத் திறக்காத கதவில்லை. அன்று திறக்கவில்லை.

வெளியே வரும் வழியில் பாய் நின்றுவிட்டார். கோபாலசாமியின் சொந்தச் சேகரிப்பு கூடத்தின் நடுவில் மாட்டியிருந்தது. அதில் நீலக் குடுவை. ஓரத்தில் ஒரு பல் குறைந்த அதே தலை.

"உங்களுதுதானுங்களே? வாங்க, கேட்டுப்போடலாம்."

"வேண்டாமுங்க. பேர் எழுதியிருந்தா இது இங்க வந்திருக்குமுங்களா?"

அரை மணி நேரம் அதன் முன் நின்றார். கோபாலசாமியே வந்து குடுவையின் சரித்திரத்தை விளக்கினார். பாய் மரியாதையாகக் கேட்டு, இரண்டு இடத்தில் திருத்தினார்.

மறுநாள் தாராபுரத்துக் கல்யாண வீட்டார் முப்பது பாத்திரம் வாங்கினார்கள். பாய் மிஷினை ஓட்டாமல் பெண்ணின் அம்மாவைக் கேட்டார்.

"பேர் கண்டிப்பா வேணுங்களா அம்மணி? இல்லாட்டி இது எங்க வேணாலும் போகுமுங்க."

அந்த அம்மாள் பயந்துபோய், மூடிகளுக்கும் சேர்த்து வெட்டச் சொன்னார்.