சப்வூஃபருக்குப் போன மூலை

துபாயில் ஒரு முதலாளி இன்று என் அண்ணன் படுக்கும் இடத்தைத் திருடிவிட்டார்.

அண்ணன் அவருடைய பாய்மரப் படகில் வேலை பார்க்கிறான். நான் சங்கரன்கோவிலில் கார்களுக்கு ஸ்பீக்கர் மாட்டுகிறேன். படகுக் கேபினுக்கு எந்த ஸ்டீரியோ நல்லது என்று கேட்க வீடியோ காலில் வந்தான். பின்னால் முதலாளி நின்றார்.

"சின்ன கேபின்தானண்ணே, ரெண்டு ஸ்பீக்கரே போதும்."

"அவருக்கு நெஞ்சு அதிரணுமாம்லே. தும்முனு அதிர்ற அந்தப் பெரிய பெட்டி, சப்வூஃபர் வேணும்ங்காரு."

"அதை எங்கன வைக்க?"

கேமராவை மூலைக்குத் திருப்பினான். அங்கே அவன் பாயும் தலையணையும் கிடந்தன.

"இங்கன வைக்கச் சொல்லுதாரு."

"அப்ப நீ எங்கன படுப்ப?"

"மேல்தட்டுல படுத்துக்கிடுதேன். நம்மூர்ல பாக்காத வெக்கையா? ஏலே, வேற எதுவும் பேசி என் வேலைக்கு வேட்டு வச்சிராத. மாடலை மட்டும் சொல்லு."

சொன்னேன். உப்புக்காற்றில் துருப்பிடிக்காத மாடல். அதைத்தான் உள்ளே வைக்கப்போகிறார்கள்.

முதலாளி கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். நானும் காட்டினேன்.

அவரிடம் கேட்டால் அண்ணனுக்கு வேலை போகும். அதனால், தமிழ் தெரியாத அவருக்கு இங்கே தமிழில் எழுதுகிறேன். யாருக்காவது வேறு வழி தெரிந்தால் சொல்லுங்கள்.

யோவ் முதலாளி, என் அண்ணனுக்கு உள்ளே படுக்க இடம் கொடு.