இரண்டு மணி கேட் பானு

உள்ளங்கைகளைப் பரபரவென்று தேய்த்துச் சூடாக்கிக்கொண்டுதான் பானு வேலையைத் தொடங்குவாள். "ஜில்லுன்னு கைய வெச்சா யாருக்குப் புடிக்கும்?" தேர்வாய் கண்டிகையில் கார் உதிரிபாகம் செய்யும் தொழிற்சாலை அது. காலை ஷிப்ட் முடிந்து இரண்டு மணிக்கு வெளியேறும் பெண்கள் எதையாவது ஒளித்து எடுத்துப் போகிறார்களா என்று தடவிப் பார்த்து அனுப்புவது அவள் வேலை.

காக்கிச் சட்டை, தொப்பிக்கு வெளியே தொங்கும் கனகாம்பரம். பழவேற்காட்டு மீனவக் குடும்பம். அலைச் சத்தத்துக்கு மேலே கத்திப் பழகிய குரல். வரிசையில் யாரையும் சும்மா விடமாட்டாள். "இன்னாமே, நாஷ்டா துன்னியா இல்லியா? எலும்புதான் தட்டுப்படுது." கோபித்துக்கொண்டவர் எவருமில்லை.

போன ஆடியில் ஒருநாள், மெஷினில் வேலை செய்யும் தமிழ்செல்வியின் வலது தோளில் கை பட்டதும் அவள் துள்ளி விலகினாள். பானுவின் வாய் சட்டென்று மூடிக்கொண்டது. "ரிஜிஸ்டர்ல கையெழுத்து உட்டுப்போச்சு, உள்ள குந்து" என்று காவல் அறைக்குள் அனுப்பிவிட்டு, வரிசை முடிந்ததும் தானும் போய்க் கதவைச் சாத்தினாள்.

தோளிலிருந்து முழங்கை வரை கன்றிப்போயிருந்தது. அந்தக் கையோடு எட்டு மணி நேரம் மெஷினில் நின்றிருக்கிறாள்.

"ஊட்டுக்காரனா?"

தமிழ்செல்வி ஆமென்று தலையசைத்தாள். "இன்னிக்கு ஊட்டுக்குப் போவலக்கா. ஏரியில எறங்கிடலாம்னு..."

பானு பதறவில்லை. நேராகவே கேட்டாள். "செத்துடணும்னு தோணுதா கண்ணு?"

"ம்."

"சரி. சொன்னியே, அது போதும். உன்னாண்டயே குந்திக்கினு இருக்கேன்."

பெண்கள் உதவி எண் 181 சுவரில் ஒட்டியிருந்தது. பானு அழைத்தாள். எதிர்முனைப் பெண் தமிழ்செல்வியிடமே பேச வேண்டும் என்றாள். பானு போனை நீட்டினாள். "அவங்கள வரச் சொல்றதும் வேணாங்கறதும் நீதான். நான் சொல்லக் கூடாது."

தமிழ்செல்வி அழுது முடித்து, "வரச் சொல்லுங்க" என்றாள்.

கேட்டுக்கு வெளியே கணவன் பைக்கோடு நின்றிருந்தான். பொய் என்றாலே எரிந்து விழும் பானு, அவனிடம் போய்க் கூசாமல், "ஓவர்டைம் போட்டுட்டாங்க நைனா, அப்டி நெயல்ல நில்லு" என்றாள். அவன் கண்ணில் படாமல் லாரி கேட் வழியாக உதவி மையத்தின் ஜீப் வந்தது. தமிழ்செல்வி அவள் கையை விடவில்லை. பானு தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டுக் கூடவே ஏறிக்கொண்டாள்.

வேலை நேரத்தில் கேட்டை விட்டுப் போனதற்கு மறுநாள் மெமோ வந்தது. "காயிதம்தானே, வரட்டும்" என்று மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டாள்.

தமிழ்செல்வி இப்போது பெண்கள் விடுதியில் இருக்கிறாள். போலீஸில் புகார் கொடுத்துவிட்டாள். வாரம் ஒருமுறை மனநல மருத்துவரைப் பார்க்கிறாள். "தூக்கம் வருதுக்கா" என்று போனில் சொன்ன அன்று பானு வரிசையில் அத்தனை பேரையும் இரண்டு மடங்கு வம்புக்கு இழுத்தாள்.

அந்த நாளுக்கு ஒரு மாதம் கழித்து, விடுப்புக்கான மருத்துவச் சீட்டு கொடுக்க வந்த தமிழ்செல்வியைச் சாப்பிட உட்கார வைத்தாள். எலும்பில் விரிசல் விட்ட வலது கை கழுத்திலிருந்து துணியில் தொங்க, அவள் இடது கையால் ஸ்பூனோடு தடுமாறினாள். பானு ஸ்பூனைப் பிடுங்கி ஓரமாக வைத்தாள். தன் டப்பாவிலிருந்த மடவை மீனை எடுத்து, முள்ளை ஒவ்வொன்றாக, அவசரமே இல்லாமல் நீக்கினாள். சோற்றோடு பிசைந்து உருட்டி, அவள் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"வாயத் தெற."