இது ஷோவுல வர்றதுதான்

நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். நான் கதை கட்டுகிறவன் இல்லை, லிஃப்ட் மெக்கானிக். கம்பிக்கயிறு எத்தனை இழை தேய்ந்திருக்கிறது என்று எண்ணிப் பார்த்து, உள்ளதை உள்ளபடி எழுதிக் கொடுப்பதுதான் என் பிழைப்பு. இதையும் அப்படித்தான் எழுதுகிறேன். போலீசிலும் இதையேதான் சொன்னேன். அவர்கள் எழுதிக்கொள்ளவில்லை.

எனக்குக் காமெடி ஷோ என்றால் பைத்தியம். டி.வி.யில் பார்ப்பது கணக்கில் சேராது, நேரில் பார்க்க வேண்டும். எட்டு வருஷம் விடாமல் போயிருக்கிறேன். ஹோட்டல் மாடியில் இருபது பிளாஸ்டிக் நாற்காலி போட்டு நடந்த ஷோ, கரண்ட் போய் டார்ச் வெளிச்சத்தில் ஒருத்தர் முக்கால் மணி நேரம் சமாளித்த ஷோ, ஆறே பேர் வந்து அதில் நாலு பேர் காமெடியனின் சொந்தக்காரர்களாக இருந்த ஷோ... எல்லாம் பார்த்தாயிற்று. போகப் போக எனக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது. எந்த ஜோக் எங்கே திரும்பும் என்று பக்கத்து சீட்காரரிடம் முன்கூட்டியே சொல்லுவேன். என் மனைவி என்னோடு வருவதையே நிறுத்திவிட்டாள்.

அந்தத் தலைக்கனம்தான் ஓர் ஆளைக் கொன்றது.

அந்த ஆளை எல்லோரும் தாடி என்றுதான் கூப்பிடுவோம். அவர் ஷோவில் ஒரு ஐட்டம் உண்டு. பாதியில் ஆடியன்ஸிலிருந்து ஒருவன் கோபமாக எழுந்து, திட்டிக்கொண்டே மேடையேறி, அவர் சட்டையைப் பிடித்து அடிப்பான். தாடி அலறுவார், உருளுவார். புதிதாக வந்தவர்கள் வெலவெலத்துப் போவார்கள். கடைசியில் அடித்தவனும் அடிபட்டவனும் கைகோத்துக்கொண்டு கும்பிடுவார்கள். அடிக்கிறவன் அவருடைய கூட்டாளி. ஒவ்வொரு தடவையும் வேறு ஆள். நான் அதை ஒன்பது தடவை பார்த்திருந்தேன்.

பத்தாவது தடவை, மூன்று வருஷத்துக்கு முன்னால், ஒரு ஞாயிற்றுக்கிழமை. மாலை 7.20. முன்வரிசையில் இருந்த ஒருவனின் நடையைத் தாடி கிண்டல் செய்தார். அவன் எழுந்தான். மேடையேறினான். மைக் ஸ்டாண்டைத் தலைகீழாகப் பிடித்துத் தூக்கினான். அதன் அடிப்பாகம் வட்டமான இரும்பு, நாலு கிலோ இருக்கும். முதல் அடியிலேயே தாடி விழுந்தார். என் பக்கத்து சீட்டில் இருந்த பெரியம்மா ஒருவர் பதறி எழுந்தார். நான் அவர் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தேன்.

"உட்காருங்கம்மா. இது ஷோவுல வர்றதுதான்."

சொல்லிவிட்டுக் கைதட்டிச் சிரித்தேன். என்னைப் பார்த்து எங்கள் வரிசை சிரித்தது. அப்புறம் ஹாலே சிரித்தது. மொத்தம் ஏழு அடி. தாடி கும்பிட எழுந்திருக்கவில்லை.

அடித்தவன் ஜெயிலுக்குப் போனான். நான் வீட்டுக்குப் போனேன். நான் சொன்னதைப் பற்றி யாரிடமும் வாய் திறக்கவில்லை, மனைவியிடம்கூட. அதற்கப்புறம் ஒரு ஷோவுக்கும் போகவில்லை. வீட்டு டி.வி.யில் சிரிப்புச் சத்தம் கேட்டாலே எழுந்து போய் அணைத்துவிடுவேன்.

இனி என் மைத்துனன். மனைவிக்கு ஒரே தம்பி. அவள் இடுப்பில் தூக்கி வளர்த்த பிள்ளை. என்னோடு ஷோ பார்க்க வந்து வந்தே கெட்டுப்போய், வேலையை விட்டுவிட்டுக் காமெடியன் ஆனவன். தாடி செத்ததிலிருந்து பூட்டிக் கிடந்த அதே ஹாலுக்குப் புதுப் பெயின்ட் அடித்து, பெயரை மாற்றித் திறந்தார்கள். ஞாயிறு மாலை ஷோ இவனுக்குக் கிடைத்தது. மூன்று வாரம் நடந்தது. ஏதாவது சாக்குச் சொல்லி நான் தட்டிக் கழித்தேன்.

நாலாவது ஷோவுக்கு முந்தின நாள் வீட்டுக்கு வந்தான். பாதியாக இளைத்திருந்தான். காதுக்குக் கீழே கன்றிப் போயிருந்தது. பாத்ரூமில் வழுக்கிவிட்டதாகச் சொன்னான். நாளைக்கு நீங்கள் கட்டாயம் வரவேண்டும் என்று என் கையைப் பிடித்துக்கொண்டான். விடவே இல்லை. மனைவி நர்ஸ், அவளுக்கு ஞாயிறு டியூட்டி. அவளும் சேர்ந்துகொண்டாள்.

"இவ்வளவு கெஞ்சறானே, போயிட்டு வாங்க. அவனைப் பார்த்துக்கோங்க."

போனேன்.

6.35க்கு ஷோ ஆரம்பித்தது. மூன்றாவது வரிசை, ஓர சீட். பக்கத்து சீட் காலி. பின்னாலும் காலி. பையன் நன்றாகத்தான் பேசினான். ஹால் குலுங்கியது. எனக்கே உதடு லேசாக விரிந்தது.

ஆனால் அவன் மைக் ஸ்டாண்டின் பக்கமே போகவில்லை. மைக்கைக் கையில் எடுத்துக்கொண்டு எட்டியே நின்றான். அடிக்கடி இடது தோளுக்குப் பின்னால் திரும்பிப் பார்த்தான்.

7.05. ஒரு சிரிப்பு வந்தது. அவன் ஜோக்கே சொல்லவில்லை. தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தான்.

7.11. ஸ்பீக்கரில் 'ணங்' என்று ஒரு சத்தம். மைக் அவன் கையில் இருந்தது. ஸ்டாண்ட் தனியாக நின்றது.

7.16. மறுபடி... ணங்.

வாட்சைப் பார்த்தேன். எழுந்து போய்விடலாமா என்று நினைத்தேன். அவனை விட்டுவிட்டு எப்படிப் போவது?

7.20.

முன்வரிசையிலிருந்து ஒருவன் எழுந்தான்.

சாம்பல் நிறச் சட்டை. முதுகு மட்டும்தான் தெரிந்தது. அவசரமே இல்லாமல் மேடையேறினான். ஸ்டாண்டைத் தலைகீழாகப் பிடித்தான்.

தூக்கினான்.

இரும்பு தாடையில் விழுந்தது. எலும்பு முறிகிற சத்தம் எனக்குக் கேட்டது. ஒரு பல் தெறித்து மேடை விளிம்பில் உருண்டது.

ஹால் சிரித்தது.

மறுபடி ஓங்கினான். பையன் கையைக் குறுக்கே வைத்தான். கை மடங்கக் கூடாத பக்கம் மடங்கியது.

சிரித்தார்கள்... கைதட்டினார்கள்...

நான் எழுந்தேன். பின்னாலிருந்து ஒரு கை என் தோளைப் பிடித்து அழுத்தியது. காதோரம் ஒரு குரல்.

"உட்காருங்க. இது ஷோவுல வர்றதுதான்."

அது என்னுடைய குரல்.

திரும்பினேன். பின்சீட் காலி.

ஆனால் அந்தக் கை இன்னும் தோளில் இருந்தது.

உதறினேன். சட்டை கிழிந்தது. ஓடினேன். மேடையில் பாய்ந்து ஸ்டாண்டைப் பிடுங்கினேன். தடையே இல்லாமல் வந்தது.

அடித்தேன்.

அவன் விழுந்தான்.

மறுபடி அடித்தேன். மூன்று வருஷமாக உள்ளே கிடந்ததெல்லாம் கையில் வந்து இறங்கியது. இரத்தம் என் கண்ணில் தெறித்தது.

மூன்றாவது அடி.

சிரிப்பு...

நாலாவதுக்கு ஓங்கினேன்.

கீழே கிடந்தவன் வாயைத் திறந்தான்.

"அத்தான்..."

அவ்வளவுதான் எனக்கு நினைவிருக்கிறது.

ஹாலில் ஒவ்வொரு ஷோவையும் பதிவு செய்வார்கள். போலீஸ் எனக்குப் போட்டுக் காட்டினார்கள். சாம்பல் சட்டைக்காரன் அதில் இல்லவே இல்லை. 7.20க்கு மூன்றாவது வரிசையிலிருந்து நான் எழுகிறேன். அவசரமே இல்லாமல் மேடையேறுகிறேன். ஸ்டாண்டைத் தலைகீழாகப் பிடிக்கிறேன். முதல் அடியிலிருந்து எல்லாம் நான்தான். ஹால் கடைசி வரை சிரிக்கிறது.

பத்தொன்பது நாள் உள்ளே இருந்தேன். ஜாமீனில் வந்தபோது வீடு பூட்டியிருந்தது. மனைவி தம்பியோடு ஆஸ்பத்திரியிலேயே தங்கிவிட்டாள். என் போனை எடுக்கவில்லை. எடுத்தாலும் நான் என்ன சொல்வேன்? அவள் தம்பியைப் பார்த்துக்கொள்ளத்தான் என்னை அனுப்பினாள்.

ஆறு வாரம் அவன் தாடையைக் கம்பி வைத்துக் கட்டியிருந்தார்கள். பேச்சு வந்ததும் என்னைப் பார்க்க வேண்டும் என்றானாம். மனைவி கதவைத் திறந்துவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் வெளியே போனாள். கட்டில் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவன் காலைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அவன் வேண்டாம் என்று தலையை அசைத்தான்.

முதல் மூன்று ஷோவிலும் 7.20க்கு ஓர் ஆள் மேடையேறி வந்து தன்னை அடித்ததாக மெதுவாகச் சொன்னான். வலித்ததாம், உடம்பு கன்றியதாம். கூட்டத்துக்கு இவன் தனியாக விழுந்து உருளுவது மட்டும்தான் தெரிந்திருக்கிறது. சிரித்திருக்கிறார்கள். அந்த ஆளுக்கு மண்டையில் ஒரு பக்கமே இல்லையாம்.

முகத்தில் தாடி இருந்ததா என்று கேட்டேன். இருந்தது என்றான்.

அதையெல்லாம் அன்றைக்கே ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். அவன் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"உங்களைக் கூட்டிட்டு வந்தா என்னை விட்டுடறேன்னு சொன்னான், அத்தான்."